மின்வண்டியின் சேமக்கலமும் வீட்டு விளக்கும்

மின்சாரத்தால் ஓடும் மோட்டார் வண்டிகள் பெருகிவரும் இந்நாளில், அவற்றின் சேமக்கலங்கள், அதாவது பாட்டரிகள், தளர்ந்தபின் என்னவாகும் என்ற வினா எழுவது இயல்பே. தொடக்கக் கொள்ளளவில் நூற்றுக்கு 70 அல்லது 80 பங்கு எஞ்சியிருக்கும்போதே, வண்டி ஓடும் தொலைவு குறைந்துவிட்டதென்று சேமக்கலத்தைக் கழித்துவிடுவதுண்டு. வண்டிக்குப் போதாத அவ்வாற்றல் வீட்டிற்குப் போதுமானதற்கும் மேலானதாகும்.

2020-ஆம் ஆண்டில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த டாட்டா நெக்ஸான் மின்வண்டியின் சேமக்கலம் 30.2 யூனிட் மின்சாரத்தை அடக்கவல்லது. அதில் நூற்றுக்கு 70 பங்கு எஞ்சினும் ஏறக்குறைய 21 யூனிட் கிடைக்கும். இரண்டு விசிறிகளும் சில விளக்குகளும் சேர்ந்து 200 வாட் கொள்வதாக வைத்துக்கொண்டால், பத்தில் ஒரு பங்கு விரயமானாலும் அவை 90 மணி நேரத்திற்கு மேல் இயங்கும். இன்வெர்ட்டருடன் வைக்கப்படும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈயச் சேமக்கலமோ, முழுதும் தீர்ந்தாலும் 1.8 யூனிட்டே தரும்.

ஓடிக்கொண்டிருக்கும் வண்டியும் வீட்டிற்கு உதவக்கூடும். 2011-ஆம் ஆண்டின் பெரும் பூகம்பத்திற்குப் பின், 2012-இல் ஜப்பானில் நிஸான் நிறுவனம், லீஃப் வண்டியிலிருந்து வீட்டிற்கு மின்சாரம் எடுக்கும் சாதனத்தை அறிமுகப்படுத்தியது. இதில் வியப்பதற்குரியது வண்டியன்று. இடையே நின்று மின்னோட்டத்தை மாற்றியும் கட்டுப்படுத்தியும் தரும் அச்சாதனமே.

இதனைக் கருதாமல், கழிக்கப்பட்ட கலங்களைப் பிரித்துத் தாமே இணைத்துக்கொள்வது பேராபத்தாகும். முழுத் தொகுதியில் 300 வோல்ட் அளவிலான நேர்மின்னோட்டம் உறைகிறது. அது உயிரைப் போக்கவல்லது. அடிபட்ட லித்தியம் கலம் தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும். மற்றோர் அபாயமும் உண்டு. மின்தடையின்போது வீட்டிலுள்ள மின்சாரம் வெளிக்கம்பியில் பாயுமாயின், கம்பி செயலற்றதென்று நம்பி ஏறும் ஊழியரின் உயிர் போய்விடும். வெளித்தொடர்பைத் துண்டிக்கும் அமைப்பு இன்றியமையாதது என்பது இதனாலேயே.

அபாயத்தை அஞ்சி இம்முறையையே தடுப்பது அறிவுடைமையாகாது. அதைச் சந்தையின் போக்கிற்கு விட்டுவிடுவதும் தகாது. ஈயச் சேமக்கலங்களுக்கு 2001-ஆம் ஆண்டிலேயே விதிகள் வகுக்கப்பட்டன. எனினும் அனுமதியற்ற உலைகள் ஒழியவில்லை. அவற்றின் நச்சுப்புகை அருகில் வாழும் குழந்தைகளையே முதலில் தாக்குகிறது. அவ்விதிகளுக்குப் பதிலாக வந்த 2022-ஆம் ஆண்டின் சேமக்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய கலங்களைத் திரட்டிச் சீரமைக்கவோ மறுசுழற்சி செய்யவோ வேண்டிய பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. அத்துடன் நின்றுவிடலாகாது. எஞ்சிய கொள்ளளவும் சோதித்த நாளும் பொறித்த சான்றின்றி, கழிக்கப்பட்ட சேமக்கலம் எதுவும் ஒரு வீட்டினுள் நுழைதல் கூடாது.

விதி ஏட்டில் இருந்தால் போதாது. மக்கள் மனத்திலும் பதிய வேண்டும். மலிவு விலைக்குக் கிடைக்கும் பழைய கலத்தை வாங்க முற்படுவோரிடம், "சான்று எங்கே? துண்டிக்கும் அமைப்பு எங்கே?" என்று கேட்கக் கற்பிப்பவர் களப்பணியாளரே. யூனிட்டும் வாட்டும் மாணவர் கணக்கில் வருங்கால், இவ்விரு கேள்விகளையும் ஆசிரியர் சேர்த்துக் கற்பிப்பாராயின், அதன் பயன் வீடுதோறும் சென்று சேரும்.