காரியம் முடிந்ததும் காணாமல் போகிறவர்கள்

ஆட்டிசம் உள்ள பிள்ளையைப் பெற்றவரா நீங்கள்? பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால் சட்டப்படி நீங்கள் தானாகவே அவனுக்கு கார்டியன் இல்லை. தெரியுமா? 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துதான் அந்த உரிமையை வாங்க வேண்டும்.

இதையெல்லாம் யார் சொல்வார்கள்? அலைந்து திரிந்து வாங்கிய இன்னொரு அம்மாதான். எந்தப் படிவம், என்ன சான்றிதழ்... எல்லாம் அவருக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட அம்மா, அப்பாக்கள் சேர்ந்து நடத்துவதுதான் பெற்றோர் சங்கம். சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமும் போச்சு!

நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? போன் போட்டு விவரம் கேட்கிறார்கள். வேலை முடிந்ததும், 'டைம் இல்லை சார்' என்று நழுவிவிடுகிறார்கள். நான் பி.காம். படித்தவன். பற்று மட்டும் எழுதி வரவு எழுதாத கணக்கு ஒருநாளும் டேலி ஆகாது.

1962-ல் லண்டனில் சில பெற்றோர் ஆரம்பித்த சங்கம், 1965-ல் ஆட்டிசக் குழந்தைகளுக்கென்று பள்ளிக்கூடமே திறந்தது. அவர்களுக்கும் நாளுக்கு 24 மணி நேரம்தான்.

'எனக்கப்புறம் இவனை யார் பார்ப்பா?' ராத்திரி இரண்டு மணிக்கு வருகிற அந்தக் கேள்விக்குத் தனியாளாக விடை தேட முடியாது. சந்தா கட்டி உறுப்பினராகுங்கள். மாதம் ஒரு ஞாயிறு போய் உட்காருங்கள். புது ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது அழுதபடி வருவார். 'உட்காரும்மா, நாங்களும் இப்படித்தான் வந்தோம்' என்று சொல்ல அங்கே ஆள் வேண்டும்.