சீமெந்துக்குக் கீழே தொடங்கும் குளியலறை

பேஸ்மென்றில் குளியலறை கட்டப்போகிறோம் என்று சொல்கிறவர்கள் முதலில் காட்டுவது ரைல்ஸ் படங்களைத்தான். பிறகு கண்ணாடிக் கதவு வைத்த ஷவர், சுவரில் பொருத்தும் பேசின். கழிவு எந்த வழியால் போகும், காற்று எந்த வழியால் வரும் என்ற கதையை நான்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. "அதெல்லாம் பிளம்பர் பார்ப்பார் அண்ணை" என்று பதில் வரும். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கனடாவில் ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் எங்கள் ஆட்களின் வீடுகள் பலவற்றில் கீழ்த்தளத்து வேலை எப்படி நடக்கிறது என்பது தெரிந்ததுதானே: சனி, ஞாயிறுகளில், பெர்மிற் இல்லாமல், தெரிந்த ஒருவரைக் கொண்டு, கைக்காசாக. கொங்கிறீற்றை ஊற்றி மூடிய பிறகு உள்ளே என்ன கிடக்கிறது என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது.

நாங்கள் பலர் இந்த நாட்டுக்கு வந்தபோது முதலில் படுத்தெழும்பியது யாரோ ஒருவரின் பேஸ்மென்றில். இன்று அங்கே இருப்பது படிக்க வந்த பிள்ளைகள், அல்லது ஸ்பொன்சர் செய்து கூப்பிட்ட அம்மா, அப்பா. மேலே இருக்கிறவர்களின் கழிவெல்லாம் அவர்களுடைய கட்டிலுக்குப் பக்கத்தாலும் கீழாலும்தான் போகிறது. இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் இருப்பது அதனால்தான்.

முதலில் அளக்க வேண்டியது ஆழம். ரொய்லெற்றுக்கான 3 அங்குலக் குழாய் அடிக்குக் கால் அங்குலம் சரிய வேண்டும். பிரதான குழாய் 20 அடி தள்ளி இருந்தால் அங்கே போய்ச் சேர்வதற்குள் 5 அங்குலம் இறங்கியிருக்கும். பிரதான குழாய் அதற்கு மேலே கிடந்தால் எந்தக் கெட்டிக்காரப் பிளம்பராலும் ஒன்றும் செய்ய முடியாது. குளியலறையைக் குழாய்க்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். இல்லையென்றால் நிலத்துக்குள் மூடிய தொட்டி ஒன்றைப் புதைத்து, பம்ப் வைத்து மேலே தள்ள வேண்டும். பம்ப் வைத்தால் அந்தத் தொட்டிக்கும் காற்றுக்குழாய் வேண்டும். கரண்ட் போகும் நேரம் கீழே இருக்கிறவர்கள் ரொய்லெற் பாவிக்க முடியாது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் இருக்கப்போகும் இடமென்றால் நான் பம்பைக் கடைசி வழியாகத்தான் வைப்பேன்.

புதிய வீடுகள் பலவற்றில் கட்டியவர்களே கீழே ரொய்லெற், ஷவர், பேசினுக்கென்று மூன்று குழாய் வாய்களை விட்டிருப்பார்கள். நல்ல விஷயம். ஆனாலும் ரொய்லெற் குழாயின் நடுவிலிருந்து, சுவர்ப் பலகை அடித்து முடிந்த பிறகு வரும் சுவருக்கு 12 அங்குலம் இருக்குமா என்று அளந்து பாருங்கள். வெறும் மரச்சட்டத்திலிருந்து 12 அளந்தால், அரை அங்குலப் பலகை அடித்ததும் ரொய்லெற் தொட்டி சுவரில் முட்டலாம்.

இனிக் காற்று. எண்ணெய் ரின்னில் ஒரு துளை மட்டும் போட்டுக் கவிழ்த்தால் விக்கி விக்கித்தான் ஊற்றும். மறுபக்கம் இன்னொரு துளை போட்டால் சீராக வரும். காற்றுக்குழாய்தான் அந்த இரண்டாவது துளை. அது இல்லாவிட்டாலும் தண்ணீர் எப்படியோ போகிறதே என்று பலர் நினைக்கிறார்கள். போகும். ஆனால் போகிற போக்கில் பக்கத்து ஷவரின் ட்ராப்பில், அதாவது குழாயின் வளைவில், நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். கழிவுக்குழாயில் வளைவு வைத்துத் தண்ணீரைத் தேக்கி நாற்றத்தை மறிக்கலாம் என்று 1775இல் லண்டனில் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் கம்மிங் என்ற மணிக்கூடு செய்பவர். இன்றைக்கும் சாக்கடைக்கும் உங்கள் மூக்குக்கும் நடுவே நிற்பது ஒன்றரை, இரண்டு அங்குல உயரத் தண்ணீர்தான். அது போனால் ஐதரசன் சல்பைட் மேலே வரும். அழுகிய முட்டை நாற்றம். எத்தனை ஊதுபத்தி கொளுத்தினாலும் போகாது.

நாற்றம் மட்டுமென்றால் பரவாயில்லை. 2003இல் சார்ஸ் வந்தபோது ஹொங்கொங்கின் ஏமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடித் தொகுதியில் 300க்கு மேற்பட்டோருக்குத் தொற்றியது. குளியலறை நிலத்து வடிகால்களின் ட்ராப்களில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. காற்றை வெளியே இழுக்கும் ஃபான் ஓடியபோது கழிவுக்குழாயின் காற்று அந்த வழியால் உள்ளே வந்தது என்பது விசாரணையில் வந்த விளக்கம். அதே ஆண்டு ஸ்காபரோவும் சார்ஸால் எவ்வளவு பயந்து கிடந்தது என்று இங்கே இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் பேஸ்மென்றுகளிலும் ஃபேர்னஸ் பக்கத்தில் யாரும் பாராத ஒரு நிலத்து வடிகால் இருக்கிறது. புதுக் குளியலறைக்குப் பலமான ஃபானும் வாங்குகிறோம். அந்த வடிகாலுக்குள் தானாகத் தண்ணீர் விழ ஒரு சின்னக் குழாய் கொடுக்கலாம். அது முடியாவிட்டால் மாதம் ஒரு தடவையாவது ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள்.

ரொய்லெற், ஷவர், பேசின் மூன்றுக்கும் தனித்தனிக் காற்றுக்குழாய் கட்டாயமில்லை. பேசினின் கழிவுக்குழாயை 2 அங்குலமாகப் போட்டு, அதை மேலே காற்றுக்குழாயாகத் தொடரவிட்டால், அதே குழாய் ஷவருக்கும் ரொய்லெற்றுக்கும் காற்றைக் கொடுக்கும். ரொய்லெற் மட்டும் வரிசையில் கடைசியாக, கீழ்ப்பக்கத்தில் சேர வேண்டும். காற்றுக்குழாயைக் கிடையாகத் திருப்புவதென்றால் பேசின் விளிம்புக்கு மேலே போன பிறகே திருப்ப வேண்டும். அதற்குக் கீழே திருப்பினால், வடிகால் அடைக்கும் நாளில் அழுக்கு அதற்குள்ளும் ஏறித் தங்கிவிடும். கூரை வரை கொண்டுபோவது, அல்லது மேல்மாடியில் ஏற்கெனவே இருக்கும் காற்றுக்குழாயில், அங்குள்ள பேசின்களுக்கெல்லாம் மேலே சேர்ப்பது: இரண்டில் ஒன்று. கீழ்ச்சுவருக்குள்ளேயே மூடி போட்டு விட்ட குழாய்களையும் கண்டிருக்கிறேன். அதைச் செய்தவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

சீமெந்தை உடைக்கிற அதே நேரத்தில் பிரதான குழாயில், கழிவு திரும்பி வராமல் மறிக்கும் பின்னோக்கு வால்வையும் போட்டுவிடுங்கள். 2013 ஜூலை 8ஆம் திகதி ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 2024 ஜூலை 16இல் 98 மில்லிமீற்றர் அளவில். அப்படியான நாளில் தெருக் குழாய் நிரம்பிக் கழிவு வீட்டுக்குள் திரும்பும்போது, முதலில் வெளியே வரும் வாய்கள் கீழ்த்தளத்து நிலத்து வடிகாலும் ஷவரும்தான். வால்வுக்கான செலவில் ஒரு பங்கை ரொறன்ரோ மாநகரமே மானியமாகக் கொடுத்து வந்திருக்கிறது; வேலை தொடங்க முன்னரே நிபந்தனைகளைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

வால்வு போட்டவர்களும் ஒன்றை மறக்கிறார்கள். அது மூடியிருக்கும்போது வீட்டின் சொந்தத் தண்ணீரும் வெளியே போகாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கடும் மழை நேரம் மேலே வோஷிங் மெஷின் ஓடியது. கீழே வாடகைக்கு இருந்த பிள்ளையின் புத்தகங்களும் உடுப்புகளும் அந்தச் சவர்க்காரத் தண்ணீரில் நனைந்து போயின. வால்வு தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது; மேலே இருந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மழை பலத்தால் தண்ணீர் திறக்கக் கூடாது என்று வோஷிங் மெஷினுக்கு மேலேயே எழுதி ஒட்டுங்கள். வால்வின் மூடியை ரைல்ஸுக்குக் கீழே புதைக்கவும் வேண்டாம். அதைத் திறந்து துப்புரவாக்க வேண்டும்.

பெர்மிற் எடுங்கள். இன்ஸ்பெக்டர் வந்து, குழாய்கள் திறந்து கிடக்கும்போதே அழுத்தம் கொடுத்துக் கசிவு பார்க்கும் வரை ஒரு வாளி சீமெந்துகூட ஊற்ற விடாதீர்கள். அவர் பார்த்துப் போன பிறகு, ஒவ்வொரு குழாயின் பக்கத்திலும் அளவுநாடாவை நீட்டி வைத்து, எந்தச் சுவரிலிருந்து எத்தனை அடி என்று தெரியப் படம் எடுத்து, வீட்டு உறுதியோடு சேர்த்து வையுங்கள். வீட்டை விற்கும்போது வாங்குகிறவரிடம் அதையும் கொடுங்கள்.