முடியா, உடல்நலமா என்று கேட்க வைத்தது யார்?

"மனம் இருந்தால் உடற்பயிற்சி செய்யலாம், மற்றதெல்லாம் சாக்கு" என்பது ஜிம் விளம்பரங்கள் நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அமெரிக்காவின் கறுப்பினப் பெண்கள் பலருக்கு இந்தப் பாடம் பொருந்தவில்லை. ஓடப் போவதற்கு முன்பும், நீச்சல் குளத்தில் இறங்குவதற்கு முன்பும் அவர்கள் தலைமுடிக்கு ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். இதை அழகு மோகம் என்று சிரித்துக் கடந்துபோகிறவர்கள் அதிகம். அந்தக் கணக்கை அவர்கள் தலையில் கட்டியது யார் என்று கேட்பவர்கள் குறைவு.

2011 ஆகஸ்டில் அன்றைய அமெரிக்க சர்ஜன் ஜெனரல் ரெஜினா பெஞ்சமின், அட்லாண்டாவில் நடந்த கறுப்பின முடி அலங்காரத் தொழிலாளர்களின் கண்காட்சிக்குப் போய் இதைப் பேசினார். முடி கெட்டுவிடும் என்று பெண்கள் உடற்பயிற்சியைத் தவிர்க்கிறார்கள் என்றார். அவரும் கறுப்பினப் பெண்தான். நாட்டின் தலைமை மருத்துவர் பேச வேண்டிய விஷயமா இது என்ற முணுமுணுப்பும் எழுந்தது. அடுத்த ஆண்டு வெளியான ஒரு தோல் மருத்துவ ஆய்வில், கேள்வி கேட்கப்பட்ட 103 கறுப்பினப் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் முடியின் பொருட்டு உடற்பயிற்சியைத் தவிர்த்ததாகச் சொன்னார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் உயர் ரத்த அழுத்தமும் நீரிழிவும் கறுப்பினப் பெண்களை அதிகம் தாக்கும் நாட்டில் இது சிறிய செய்தி இல்லை.

முடியின் இயல்பைப் பார்ப்போம். தலையில் சுரக்கும் எண்ணெய், நேரான முடியில் நுனிவரை எளிதாக இறங்கும். இறுக்கமான சுருள்களில் அப்படி இறங்காது. அதனால் முடி சீக்கிரம் வறண்டு உடைகிறது. தினமும் தலைக்குக் குளித்தால் இன்னும் வறளும். வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ அலசினால் போதும் என்பதே தோல் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அறிவுரை. தினமும் வியர்க்கும் உடம்புக்கும் இந்த அறிவுரைக்கும் இடையில்தான் சிக்கல் தொடங்குகிறது.

முடியை நேராக்கிக்கொண்டவர்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. சலூனில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, பணம் கொடுத்து, சூட்டினால் நேராக்கிய முடி அரை மணி நேர ஓட்டத்தின் வியர்வையில் மீண்டும் சுருண்டுவிடும். ரிலாக்ஸர் என்னும் ரசாயனம் போட்டால் அப்படித் திரும்பாது. ஆனால் அதற்கும் விலை உண்டு. 33,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க அரசு ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் இத்தகைய ரசாயனங்களைப் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் அதிகமாக இருந்ததை அது காட்டியது. ரசாயனம்தான் காரணம் என்று அந்த ஆய்வு மட்டும் உறுதிசெய்துவிடாது. ஆனால் எச்சரிக்கைக்கு அது போதும்.

அப்படியானால் நேராக்காமல் விட்டுவிடலாமே? இங்கேதான் விஷயம் குளியலறையிலிருந்து அலுவலகத்துக்கு வருகிறது. 2010-இல் அலபாமாவில் ஒரு கறுப்பினப் பெண், வேலை கிடைத்த பிறகு, டிரெட்லாக்ஸ் சடையை எடுக்க மறுத்தார் என்பதற்காக அந்த வேலையை இழந்தார். முடியலங்காரம் மாற்றிக்கொள்ளக்கூடியது, ஆகவே இது இனப் பாகுபாடு ஆகாது என்று 2016-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறந்தபடி வளரும் முடி வேலைக்கு ஆகாதென்றால், நேராக்குவதை எப்படி வெறும் விருப்பம் என்று சொல்ல முடியும்?

விளையாட்டுக் களமும் தப்பவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் கேபி டக்ளஸ். அப்போது அவருக்கு 16 வயது. சமூக ஊடகங்களில் பலர் பேசியது அவருடைய கலைந்த முடியைப் பற்றி. அப்படிப் பேசியவர்களில் கறுப்பினப் பெண்களும் இருந்தார்கள். ஆதிக்கத்தின் அளவுகோல் ஒடுக்கப்பட்டவர் கையிலேயே வந்து சேர்ந்துவிடுவது இப்படித்தான்.

நீச்சல் குளத்துக்கோ பழைய வரலாறு ஒன்று உண்டு. 1964-இல் புளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில், விடுதிக் குளத்தில் இறங்கிப் போராடிய கறுப்பினத்தவரும் வெள்ளையரும் இருந்த தண்ணீரில் விடுதி மேலாளர் அமிலத்தை ஊற்றினார். 2021-இல் தடை வேறு வடிவில் வந்தது. அடர்ந்த சுருள்முடிக்கும் பின்னலுக்கும் ஏற்ற சோல் கேப் என்னும் பெரிய நீச்சல் தொப்பியை டோக்கியோ ஒலிம்பிக்கில் அணியப் பன்னாட்டு நீச்சல் கூட்டமைப்பு அனுமதி மறுத்தது. அது தலையின் இயல்பான வடிவத்தோடு பொருந்தவில்லையாம். யாருடைய தலை இயல்பு? எதிர்ப்புக்குப் பிறகு, 2022 செப்டம்பரில் அனுமதி வந்தது.

இதற்கிடையில் பெண்கள் தாங்களே வழி கண்டிருக்கிறார்கள். தலையோடு ஒட்டிப் பின்னும் கார்ன்ரோ, முறுக்குப் பின்னல், வியர்வையை வாங்கும் நெற்றிப்பட்டை, இரவில் சாட்டின் துணி, குளத்தில் இறங்குமுன் நல்ல தண்ணீரில் முடியை நனைத்துக்கொள்வது, கடும் பயிற்சியைத் தலைக்குக் குளிக்கும் நாளோடு சேர்த்து வைப்பது. பின்னலை மிக இறுக்கினால் முடி வேரோடு போகும் என்பதும் அவர்கள் அனுபவம். தாயிடமிருந்தும் தோழியிடமிருந்தும் வரும் இந்த அறிவை மதிக்க வேண்டும். ஆனால் சுமையைச் சுமக்கத் தெரிந்திருக்கிறார்கள் என்பதற்காக, அதைச் சுமத்தியவர்களை விட்டுவிட முடியாது.

2019-இல் கலிபோர்னியா, கிரவுன் சட்டத்தின் மூலம் முடிவழிப் பாகுபாட்டை இனப் பாகுபாடாகவே கருதித் தடைசெய்தது. அதன்பின் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்தன. நாடு முழுமைக்குமான மசோதா 2022-இல் பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை. அது தாண்ட வேண்டும். பயிற்சி செய்யச் சொல்லும் மருத்துவர், முடியைப் பற்றியும் கூச்சமின்றிக் கேட்கப் பழக வேண்டும்.

காலையில் ஓடிவிட்டு, சுருண்ட முடியோடு அப்படியே வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை யாரும் ஏற இறங்கப் பார்க்காத நாள் வரட்டும். அதுவரை அவளிடம் மன உறுதியைப் பற்றி உபதேசம் செய்ய யாருக்கும் யோக்கியதை இல்லை.