பழைய காரின் சுபாவம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களில் பலர், அது வளைவுகளில் தடுமாறுவதையும் பள்ளங்களில் கடகடவென்று அதிர்வதையும் கண்டவுடன், இறுக்கமான ஸ்பிரிங்குகளைப் பூட்டி, தரையோடு தரையாகத் தாழ்த்தி, அதைப் பந்தயக் காராக்கிவிட நினைக்கிறார்களே, அந்த நினைப்பு பிசகானது என்பது என் திடமான அபிப்பிராயம். தேய்ந்ததைப் புதுப்பித்து, பிறந்தபோது அதற்கு வாய்த்திருந்த சுபாவத்தை மீட்டுக் கொடுப்பதே முதற் கடமை.

ஜப்பானின் ஹிரோஷிமாவில் மாஸ்டா நிறுவனம் தயாரித்து, 1989-ஆம் ஆண்டு சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். தோஷிஹிகோ ஹிராயின் தலைமையில் அதை உருவாக்கியவர்கள், குதிரையும் அதன்மேல் அமர்ந்தவனும் ஓருடலாக இயங்குவதுபோலக் காரும் ஓட்டுபவனும் இயங்க வேண்டும் என்பதையே லட்சியமாகக் கொண்டு, ஏறத்தாழ ஒரு டன் எடையே உள்ள அந்தச் சிறு வாகனத்தின் நான்கு சக்கரங்களுக்கும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷனைக் கொடுத்தார்கள். அந்தச் சஸ்பென்ஷனின் கைகள் அசையும் மூட்டுகளிலெல்லாம் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. முப்பது ஆண்டுகளில் அந்த ரப்பர் வெடித்துத் தளர்ந்தபின், சக்கரம் நிற்க வேண்டிய கோணத்தில் நில்லாது; ஷாக் அப்சார்பரின் எண்ணெயும் கசிந்துவிட்டால், ஒரு மேட்டைத் தாண்டிய கார் பலமுறை ஆடித்தான் அடங்கும்.

இவற்றை வீட்டிலேயே மாற்றலாம். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் புகுவதும், ஸ்பிரிங்கை அதற்குரிய கருவியால் அமுக்காமல் ஷாக்கின் உச்சி நட்டைக் கழற்றுவதும் உயிருக்கே ஆபத்தானவை. பனிக்காலச் சாலைகளில் உப்புத் தூவும் தேசங்களில், பின் சக்கரத்தின் கீழ்க் கையிலுள்ள நீண்ட போல்ட் துருவேறி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கழற்றுவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே துருநீக்கி எண்ணெய் விட்டுப் பொறுத்திருக்க வேண்டும்.

பிரதானமான நுட்பம் கடைசியில் வருகிறது. புஷ்ஷின் நடுவே ஓர் இரும்புக் குழல் இருக்கிறது. ரப்பர் அதனோடு ஒட்டியது. போல்ட்டை முறுக்கியதும் குழல் அசையாமல் இறுகிவிட, கை ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பர்தான் முறுகிக்கொடுக்கிறது. சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும் நிலையில் முழுதும் இறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியவுடனேயே ரப்பர் முறுகிய நிலையை அடைந்து, புதிய புஷ்ஷும் அற்பாயுளில் கிழிந்துபோகும். ஆகவே போல்ட்களை முதலில் லேசாக மட்டும் பூட்டி, காரைச் சக்கரங்களின்மேல் இறக்கி, இருமுறை அமுக்கி ஆட்டிவிட்டு, அதன் முழு எடையையும் சக்கரங்கள் தாங்கிய பிறகே, டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும். நேரத்தைக் கணக்கிட்டு வேலை செய்யும் பட்டறையைவிட, அவசரமில்லாத உரிமையாளனே இந்தச் சிரத்தையைக் காட்ட வல்லவன். வீல் அலைன்மென்ட்டை மாத்திரம் அதற்குரிய யந்திரம் உள்ள இடத்தில் செய்துகொள்வது அவசியம்.

ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் புஷ்களைப் போடுவோரும் உண்டு. பந்தயக் களத்துக்கு அவை தகும்; அன்றாடச் சாலைக்கு, இரைச்சலையும் அதிர்வையும் காருக்குள் அதிகம் கடத்தாத ரப்பரையே நான் விரும்புவேன்.

மாஸ்டா 2017-இல், முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 கார்களைப் புதுப்பித்துத் தரும் திட்டத்தை அறிவித்து, துணிக்கூரை, நார்டி மர ஸ்டீயரிங் முதலியவற்றை மறுபடி தயாரிக்க முன்வந்தது பாராட்டத்தக்க செய்கை. மற்ற நிறுவனங்களும் தங்கள் பழைய கார்களுக்கு இவ்வாறு செய்ய வேண்டும். அப்படிச் செய்கையில், கண்ணைக் கவரும் பாகங்களுக்கு முன்பாக, அடியில் மறைந்திருக்கும் இந்த ரப்பர் புஷ்களை ஆதி அளவும் கடினமும் மாறாமல் வார்த்து, நியாயமான விலையில் கொடுக்க வேண்டும்.