அத்தையின் தாலாட்டுக்கு ஒரு பெட்டி

என் மாமியாருக்கு வயது எழுபத்தெட்டு. என் இரண்டு பிள்ளைகளும் கேட்டுத் தூங்கிய தாலாட்டுகள் எந்த நோட்டிலும் இல்லை, அத்தையின் தொண்டையில்தான் இருக்கின்றன. போன மார்கழியில் அந்தக் குரல் கம்மிப் போனதும் எனக்குப் பகீரென்றது. உடனே பதிவு செய்துவிடணும்!

அவசரத்தில் ஒரு மைக்கை வாங்கி, வயர் போட்டு லாப்டாப்பில் செருகினேன். மூச்! அது கண்டென்சர் மைக்காம். 48 வோல்ட் கொடுத்தால்தான் பேசுமாம். அதைக் கொடுப்பதும், குரலைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற எண்களாக மாற்றி அனுப்புவதும் ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’ என்கிற கையகலப் பெட்டி.

சகோதரிகளே, வாங்குமுன் 48 வோல்ட் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவில் ஒரு மைக்தான் போடலாம், 2ஐ2-வில் இரண்டு. தாலாட்டுக்கு ஒன்று தாராளம். மகள் பாட, பக்கத்தில் வயலினும் உண்டென்றால் இரண்டு வேண்டும். அதற்கு மேல் வீண் செலவு. ‘டைரக்ட் மானிட்டர்’ வசதியை மட்டும் விடாதீர்கள். அது இல்லாவிட்டால் பாடுகிறவர் காதில் சொந்தக் குரலே பிந்தி விழுந்து, தாளம் தடுமாறிவிடும்.

எங்கள் திருவண்ணாமலையில் பௌர்ணமியன்று பதிவு நடக்காது; கிரிவலக் கூட்டத்தின் சத்தம் மொத்தமும் மைக்கில் ஏறிவிடும். வேறொரு நாள் விடியற்காலையில், சேலை பீரோவைத் திறந்து வைத்து அதன்முன் அத்தையை உட்கார வைத்தேன். அறையின் எதிரொலி அடங்கிற்று.

பாடி முடித்ததும் போட்டுக் காட்டினேன். ஹெட்போனைக் கழற்றவே இல்லை.

“ஏம்மா, இது எங்கம்மா குரலு மாதிரியில்ல இருக்கு?” என்றார்.