கரி போயிற்று, நீராவி நிலைத்தது



பழமையைப் பாதுகாப்பது என்றால் என்ன? இருந்தது இருந்தபடியே இருக்க வேண்டும் என்பதா? அல்லது அதன் உயிர்நாடியை வைத்துக்கொண்டு, ஊறு விளைவிக்கும் பகுதியை விட்டுவிடுவதா? இக்கேள்வியை எதிர்கொண்ட ஒரு மலை இரயிலின் வரலாற்றை இம்மாதம் காண்போம்.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் துரங்கோ, சில்வர்டன் ஆகிய ஊர்களை இணைக்கும் குறுகிய இருப்புப்பாதை 1882ஆம் ஆண்டு அமைந்தது. நீளம் சுமார் 72 கிலோமீட்டர். சுரங்கத் தாதுக்களைச் சுமக்க எழுந்த அப்பாதையில் இன்று சுற்றுலாப் பயணிகள் செல்கின்றனர். அவ்வூர் மக்கள் பலரின் பிழைப்பு அதனைச் சார்ந்தது.

நிலக்கரி எஞ்சினில் ஒரு குறை உண்டு. வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே விசையுடன் வெளியேறும்போது, அடுப்பிலுள்ள காற்றையும் இழுத்துச் செல்கிறது. அவ்விழுப்பில் கரிக்கங்குகளும் பறக்கின்றன. ஏற்றம் கூடக்கூட அவை மிகுதியாகும். இதனாலேயே வண்டியின் பின்னே தீயணைக்கும் ஆட்களையும் அனுப்புவர்.

2018ஆம் ஆண்டு கடும் வறட்சி. ஜூன் 1ஆம் நாள் பாதையோரம் மூண்ட தீ சுமார் 54,000 ஏக்கர் காட்டை எரித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலிருந்து மக்கள் வெளியேற நேர்ந்தது. பின்னர் பெய்த மழையில் சாம்பலும் சேறும் அனிமாஸ் ஆற்றில் கலந்து மீன்கள் மடிந்தன. எஞ்சின் கங்கே தீக்குக் காரணம் என்று 2019இல் மத்திய அரசு வழக்குத் தொடுத்தது. 2022இல், தவற்றை ஒப்புக்கொள்ளாமலேயே, 2 கோடி டாலர் தர இரயில் நிறுவனம் இசைந்தது.

இதற்கிடையே நிறுவனம் தன் எஞ்சின்களை எண்ணெய்க்கு மாற்றத் தொடங்கிவிட்டது. 2020இல் 493 எண் எஞ்சின் எண்ணெயில் ஓடிற்று, மற்றவை தொடர்ந்தன.

மாற்றம் எத்தகையது? கரி இருந்த இடத்தில் எண்ணெய்த் தொட்டி. அடுப்பின் அடியில் கரி தாங்கும் கம்பிகளுக்கு மாற்றாக வெப்பம் தாங்கும் செங்கல். எண்ணெயை நீராவி பீய்ச்சித் துளித்துளியாகச் சிதறடித்து எரிக்கின்றனர். மண்வாரியைப் பிடித்த ஃபயர்மேன் இப்போது வால்வைத் திருகுகிறார். எண்ணெய் மிகுந்தால் கரும்புகை. குறைந்தால் நீராவி தளரும். எனவே அவரது கவனம் குறையவில்லை. முதுகு முறியும் உழைப்பே குறைந்தது. கொதிகலனும் உருளைகளும் ஊதலும் பழையனவே.

நம் நீலகிரி மலை இரயிலுக்கும் திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் எண்ணெய் எஞ்சின்களைச் செய்தளித்தது. அதே பணிமனை 2021இல் நிலக்கரி எஞ்சின் ஒன்றையும் புதிதாக உருவாக்கிற்று. ஆக, எல்லா இடத்துக்கும் ஒரே விடை இல்லை. எண்ணெயும் விலையுடையது, அதுவும் புகைவதே.

ஆயினும் கரிமணமும் கங்கும் பழமையின் அழகு என்போருக்கு ஒன்று சொல்வேன். அவ்வழகை இரசிப்பவர் பயணி. அதன் விலையைக் கொடுப்பவர் பாதையோரத்தில் குடியிருப்பவர். நம் இல்லங்களிலும் ஊர்களிலும் நாம் போற்றிக் காக்கும் வழக்கங்களின் கங்கு யார் கூரையில் விழுகிறது என்று பார்த்தோமா?

சிந்திப்போமாக!