கையில் காப்பீட்டு அட்டை இருக்கு... தெருமுனை கிளினிக்கில் ஏன் செல்லவில்லை? ஃபேமிலி டாக்டரைத் தேடும் அதிராம்பட்டினம்

அதிராம்பட்டினத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். அம்மாவுக்குப் பத்து வருஷமாக சுகர், பிரஷர் இரண்டும் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை என்று கேட்டுத்தான் அலைந்து வாங்கினார்கள். ஆனால், சாயங்காலம் அம்மாவுக்குத் தலை சுற்றுது என்று பக்கத்து கிளினிக்குக்கு ஓடினால், அங்கே அட்டையைக் கையில்கூட வாங்குவதில்லை. டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாமே கைக்காசுதான்.

'இந்த அட்டையை ஏத்துக்கிற ஃபேமிலி டாக்டர் யாராவது இருக்காங்களா?' என்று தேடுகிறவர்களுக்கு நேரடியான பதில்: இல்லை. அதிராம்பட்டினத்தில் மட்டுமல்ல, சென்னையிலும் இல்லை. கிளினிக் டாக்டர் மறுக்கிறார் என்று நினைக்க வேண்டாம். திட்டத்திலேயே அவருக்கு இடம் கிடையாது.

அட்டை எதற்குச் செல்லும்?

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. ஆட்சி மாறியது, பெயர் மாறியது, தொகையும் ஏறியது. ஒன்று மட்டும் மாறவில்லை. இது ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் பெரிய சிகிச்சைக்கான காப்பீடு. பைபாஸ், புற்றுநோய் சிகிச்சை, டயாலிசிஸ் என்று பட்டியலில் இருப்பதற்குத்தான் பணம் வரும். குறிப்பிட்ட சில பரிசோதனைகளும் பட்டியலில் உண்டு. அவையும் திட்டத்தில் சேர்ந்த மையங்களில்தான். காய்ச்சல், இருமல், மாதாந்திர சுகர் செக்கப்? கிடையாது.

காரணம் எளிய கணக்கு. 2022-ல் திட்டம் நீட்டிக்கப்பட்டபோது ஒரு குடும்பத்துக்கு ஆண்டு பிரீமியம் ரூ.849 என நிர்ணயிக்கப்பட்டது. மாதத்துக்கு வகுத்தால் ரூ.71-கூட வராது. நாலு பேர் உள்ள வீட்டில் யாராவது ஒருவர் மாதம் ஒரு முறை கிளினிக் போனாலே அந்தப் பணம் காலி. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்பு ஆவணங்களைப் பார்த்து ஒப்புதல் தரலாம். லட்சக்கணக்கான சளி, காய்ச்சல் பில்களை எப்படிச் சரிபார்ப்பது? அதனால்தான் காப்பீட்டு நிறுவனங்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

இதனால் யாருக்கு நஷ்டம்?

மேலே சொன்ன அம்மாவுக்குத்தான். கையில் காசில்லாத மாதம் செக்கப்பைத் தள்ளிப்போடுவார். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லாவிட்டால் சிறுநீரகம் பழுதாகும் என்பது தெரிந்த விஷயம். அந்த நாளில் அட்டை வேலை செய்யும், டயாலிசிஸுக்குப் பணம் தரும். அதாவது, நோய் முற்றிய பிறகு லட்சக்கணக்கில் செலவழிக்கத் தயாராக இருக்கும் திட்டம், அதைத் தடுத்திருக்கக்கூடிய டாக்டர் ஃபீஸுக்கு ஒரு ரூபாய்கூடத் தராது. வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்வரும் வண்டிச் செலவும், துணைக்குப் போகும் மகனின் அன்றைய கூலியும் எந்தக் கணக்கிலும் வராது.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. தாய்லாந்து 2002-ல் கொண்டுவந்த '30 பாட்' திட்டத்தில் மக்கள் தங்கள் பகுதி ஆரம்ப சிகிச்சை மையத்தில் பதிவு செய்துகொள்கிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுத் தொகையை அரசு கொடுத்துவிடுகிறது. பில்லைச் சரிபார்க்கும் தலைவலி இல்லை. நம் நாட்டிலேயே இ.எஸ்.ஐ. இருக்கிறது. மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ள தொழிலாளர்களுக்கு, டிஸ்பென்சரியில் சாதாரணக் காய்ச்சலுக்கும் சிகிச்சை உண்டு. மகன் திருப்பூரிலோ கோவையிலோ இ.எஸ்.ஐ. பிடிக்கும் வேலையில் இருந்தால், அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் விதிகளுக்கு உட்பட்டு இந்த உரிமை உண்டு. பல வீடுகளில் இதைக் கேட்டுப் பார்ப்பதே இல்லை.

அப்போ அதிராம்பட்டினத்தில் என்ன பண்றது?

ஊரிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கே புறநோயாளியாகப் பார்க்க அட்டை வேண்டாம், வருமான வரம்பும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும். பதிவு செய்யாதவர்கள் அரசு மருத்துவமனையிலோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்கலாம். சரியாகச் சொன்னால், அரசு தரும் 'ஃபேமிலி டாக்டர்' இவ்வளவுதான்.

ஆனால் இதில் உள்ள குறையை மறைக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிக் கூட்டம் காலையில்தான். விடியற்காலையில் கடலுக்கோ உப்பளத்துக்கோ போகிறவருக்கு, வரிசையில் நிற்பது என்றால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால்தான் சாயங்கால கிளினிக்கைத் தேடுகிறார்கள். 2023 ஜூன் 6-ம் தேதி ஒரே நாளில் திறக்கப்பட்ட 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் இரவு 8 வரை என்று நேரம் வைத்தது இந்தக் குறையை உணர்ந்துதான். 2021-ல் நகராட்சியான அதிராம்பட்டினம் போன்ற ஊர்களுக்கு மாலை நேர டாக்டர்தான் ரூ.5 லட்சத்தைவிட அவசரத் தேவை.

இன்னொன்று, அரசு டாக்டர்கள் இடமாறுதலில் போய்க்கொண்டே இருப்பார்கள். உங்கள் அம்மாவின் வரலாறு யாருக்கும் நினைவிருக்காது. எனவே பழைய சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, மாத்திரைப் பெயர் எல்லாவற்றையும் ஒரே நோட்டில் வைத்து ஒவ்வொரு முறையும் கொண்டுபோவது நல்லது.

சரி, அட்டையை என்ன செய்வது? தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆண்டு வருமானம் ரூ.1.2 லட்சத்துக்குள் இருந்தும் இன்னும் எடுக்காதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் தஞ்சாவூர் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு செய்யலாம். ரேஷன் கார்டில் பெயர் விடுபட்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அவசரத்தில் சிக்கலாவது பெரும்பாலும் அங்கேதான். அதேபோல, 'இந்த ஆஸ்பத்திரியில் காப்பீடு உண்டு' என்ற போர்டை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கண் சிகிச்சைக்கு மட்டும் அனுமதி பெற்ற ஆஸ்பத்திரியில் இதய சிகிச்சைக்கு அட்டை செல்லாது. எந்த ஆஸ்பத்திரியில் எந்தச் சிகிச்சை என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். அரசு மருத்துவமனையில் சேர்ந்தாலும் அட்டையைக் காட்டுங்கள். உங்கள் சிகிச்சைக்கான தொகை அந்த மருத்துவமனைக்கே திட்டத்திலிருந்து போகும்.

2022 ஜனவரியில் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்ட திட்டத்தின் காலம் 2027 ஜனவரியோடு முடிகிறது. புறநோயாளி சிகிச்சையையும் சேர்க்கலாமா என்ற கேள்வியை அரசிடம் எழுப்ப, அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்புதான் நேரம்.